எல்லை மீறிய கட்டி

மனிதனுக்குக் கழுத்து ஒன்றுதான். அதைத் தலைக்கும் உடலுக்கும் நடுவே வைத்த இயற்கை, அது எந்தத் துறையின் ஆளுகைக்கு உட்பட்டது என்று எழுதிவைக்க மறந்துவிட்டது. இயற்கையின் அந்த மறதியைத் திருத்துவதற்காகவே அபூர்வக் கட்டிகளுக்கான மாபெரும் மருத்துவக் கழகம் நிறுவப்பட்டது.

கழகத்தின் முகப்பில் பளிங்குத் தூண்கள். தூண்களுக்கு நடுவே நிறுவனரின் மார்பளவுச் சிலை. சிலைக்குக் கழுத்து கிடையாது. தலை நேராகத் தோளின் மேல் உட்கார்ந்திருக்கும். சிற்பிக்குக் கழுத்து செதுக்க வரவில்லை என்று வாசற்காவலர் சொல்வார். கழுத்தைப் பற்றித் துறைகளுக்குள் உடன்பாடு ஏற்படாததால் அந்தப் பகுதி நிலுவையில் இருக்கிறது என்பது நிர்வாகத்தின் விளக்கம்.

இந்தச் சிலையைக் கடந்து ஒரு நாள் ஓர் ஏலக்காரர் உள்ளே வந்தார். காய்கறி மொத்தச் சந்தையில், லாரிகள் வந்து நின்றதும், மூட்டைகளின் மீது ஏறி நின்று விலை கூறுவது அவருடைய தொழில். சந்தைச் சங்கம் அவருக்கு ஒலிபெருக்கி வாங்கித் தர முன்வந்தபோது, "எதுக்குங்க? அது பாவம், என் பக்கத்துல நின்னா கூச்சப்படும்" என்று மறுத்தவர். அவர் 'ஒரு தரம்' என்று குரல் கொடுத்தால், முட்டைக்கோஸ் வரிசையின் கடைசியில் உறங்கிக்கொண்டிருப்பவர் எழுந்து உட்கார்ந்து கை தூக்குவார். அந்தக் குரல்தான் அவருடைய முதல். அந்தக் குரலால்தான் அவர் வீட்டில் அடுப்பு எரிந்தது.

முகம் மழிக்கும்போது இடது தாடையின் முனைக்குக் கீழே ஒரு கட்டி அவர் கையில் தட்டுப்பட்டது. வலி இல்லை. ஆனால் விரலை வைத்தால் துடித்தது. அதே சந்தையில் வெங்காயக் கடை நடத்தும் அவருடைய மனைவி தொட்டுப் பார்த்தார்.

"ஏங்க, இது உள்ள கெடந்து அடிச்சுக்குது."

"நெஞ்சு கொஞ்சம் மேல ஏறி வந்துடுச்சோ என்னவோ."

"உங்களுக்கு நெஞ்சு ஒண்ணு இருந்திருந்தா போன வாரம் என் மூட்டைய அந்த அடிமாட்டு விலைக்குத் தள்ளியிருப்பீங்களா? கிளம்புங்க ஆஸ்பத்திரிக்கு."

பக்கத்து மருத்துவமனை அவரைத் தொட்ட மறுகணமே கையை எடுத்துக்கொண்டது. அபூர்வம் என்று ஐயம் எழுந்தாலே கழகத்துக்கு அனுப்பிவிட வேண்டும், வேறெவரும் கத்தி வைக்கக் கூடாது என்பது சட்டம். சட்டத்தை எழுதியதும் கழகமே.

கழகத்தில் கழுத்தை ஆண்டவை மூன்று துறைகள். தொண்டைத் துறை, ரத்தக்குழாய்த் துறை, சுரப்பித் துறை. அவற்றின் தலைவர்களைத் தொண்டையார், குழாயார், சுரப்பியார் என்று நோயாளிகள் முதுகுக்குப் பின்னால் அழைத்துவந்தார்கள். நாம் முகத்துக்கு நேராகவே அப்படி அழைப்போம்.

கழகத்தின் மூலவிதி எளிமையானது. எந்தத் துறையின் எல்லைக்குள் கட்டி இருக்கிறதோ அந்தத் துறையே அதற்குப் பெயர் சூட்டும். பெயர் சூட்டிய துறையே அறுக்கும். பெயர் சூட்டப்படும்வரை வேறு யாரும், அறிந்திருந்தாலும், நோயின் பெயரை உச்சரிக்கலாகாது. எல்லையை ஐயமறக் காண்பதற்காக நோயாளியின் கழுத்தில் மையால் கோடு கிழிப்பது மரபு. தொண்டைக்கு நீலம், குழாய்க்குச் சிவப்பு, சுரப்பிக்குப் பச்சை.

ஏலக்காரரை நாற்காலியில் அமர்த்தி மூவரும் கோடு கிழித்தார்கள். தாடையை ஒட்டி மேலே நீல நாடு. முன்னால் பச்சை நாடு. பின்னால் சிவப்பு நாடு. மூன்றும் கூடும் முச்சந்தியில் கட்டி துடித்துக்கொண்டிருந்தது.

குழாயார் விரலால் அழுத்தினார். கட்டி முன்பக்கம் நழுவிப் பச்சைக்குள் போயிற்று.

"ஆகா, எங்க பக்கம் வந்துடுச்சு!" என்றார் சுரப்பியார். மகிழ்ச்சியில் அவரும் அழுத்தினார். கட்டி பின்பக்கம் நழுவிச் சிவப்புக்குள் போயிற்று.

தொண்டையார் இருவரையும் விலக்கிவிட்டுக் கட்டியை மேலே தள்ளினார். அது அசையவில்லை. கட்டைவிரலைக் கொடுத்துத் தள்ளினார். ஏலக்காரருக்குக் கண்ணில் நீர் வந்தது, கட்டி வரவில்லை.

"பக்கவாட்டுல மட்டும் போகுது, மேல வரவே மாட்டேங்குது," என்றார் தொண்டையார், முகம் சிவந்து. "இந்தக் கட்டி எங்க துறையத் திட்டமிட்டுப் புறக்கணிக்குது. இதை நான் விடப்போறதில்லை."

"அய்யா, இது துடிக்குதுங்க," என்றார் ஏலக்காரர்.

"துடிக்கிறதெல்லாம் என் துறையில வராதுப்பா," என்றார் சுரப்பியார்.

"அப்ப எதுங்க வரும்?"

"துடிக்காதது."

கட்டி எல்லை மீறுகிறது என்று அன்றைய அறிக்கை குற்றம் சாட்டியது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் வந்து கோடுகளைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். குளிக்கும்போது கழுத்தைத் தவிர்க்க வேண்டும். எல்லைக் கோட்டை அழிப்பது ஒழுங்கீனமாகக் கருதப்படும் என்று ஏலக்காரருக்கு அறிவுறுத்தப்பட்டது.

சந்தையில் அவரைச் சுற்றிக் கூட்டம் கூடியது.

"என்ன அண்ணே, கழுத்துல பாகப்பிரிவினை நடந்திருக்கு?"

"வாய்க்கால் எந்தப் பக்கம் ஓடுதுன்னும் காட்டியிருக்கலாம்ல?"

"சிரிங்கடா, சிரிங்க," என்றார் ஏலக்காரர். "உங்க கழுத்துக்கு ஒரு பய கோடு போடுவானா? தகுதி வேணும்டா."

நான்காவது திங்கட்கிழமைக்குப் பிறகு, கட்டி எதனால் ஆனது என்று பார்த்தால் என்ன என்று யாரோ ஒருவருக்குத் தோன்றியது. ஏலக்காரர் ஸ்கேன் அறைக்கு அனுப்பப்பட்டார். அங்கிருந்த மருத்துவர் ஓர் அம்மையார். குகைபோன்ற இயந்திரத்திலிருந்து அவரை வெளியே இழுத்ததும், திரையைப் பார்த்தார். பிறகு ஏலக்காரரின் மனைவியையும் உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தினார்.

"பக்கவாட்டுல நகரும், மேல கீழ நகராது, கை வச்சா துடிக்கும். சரிதானே?"

"ஆமாங்க டாக்டரம்மா. அதுக்காகத்தான் மூணு பேரும் என்மேல கோவமா இருக்காங்க."

"கோவப்பட என்ன இருக்கு? அதுதான் இந்தக் கட்டியோட அடையாளமே. மூளைக்குப் போற பெரிய ரத்தக்குழாய் ரெண்டாப் பிரியிற கவட்டையில வந்து உக்காந்திருக்கு. அப்பறம் எப்படி மேல வரும்? மூணு பேர் விரலுக்கும் அது தன் பேரைச் சொல்லிருச்சு. அவங்கதான் கோட்டைப் பார்த்துட்டு இருந்துட்டாங்க."

"புற்றா அம்மா?" என்று மனைவி கேட்டார்.

"பெரும்பாலும் இருக்காது. ஆனா வளரும். இதைச் சுத்திக் குரலுக்குப் போற நரம்பு ஓடுது. சின்னதா இருக்கும்போதே எடுத்தா நரம்பைத் தொடாம உரிச்சு எடுக்கலாம். வளர்ந்து குழாயையும் நரம்பையும் சேர்த்து வளைச்சுக்கிச்சுன்னா, அப்பறம் குரலுக்கு யாரும் உத்தரவாதம் சொல்ல முடியாது."

ஏலக்காரர் தொண்டையைத் தொட்டுக்கொண்டார்.

"அப்ப இதை எழுதிக் குடுங்க டாக்டரம்மா."

"எழுத முடியாது. பேர் வைக்கிற உரிமை என் துறைக்குக் கிடையாது. எனக்குத் தெரியும், ஆனா தெரியும்னு சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை."

"எங்க சந்தையில," என்றார் மனைவி, "அழுகுன வெங்காயத்தை அழுகுனதுன்னு சொல்ல நாங்க யார்கிட்டயும் அனுமதி கேக்கிறதில்லை. மூக்கு இருந்தாப் போதும்."

அம்மையார் தலையைக் குனிந்துகொண்டு அறிக்கை எழுதினார். 'நோயாளியின் கழுத்தில் ஒன்று காணப்படுகிறது. அது கழுத்திலேயே இருக்கிறது.' கழகத்தின் வரலாற்றில் இவ்வளவு துணிச்சலான அறிக்கையை அதற்கு முன் யாரும் எழுதியதில்லை.

"அறுக்கணும்னா குழாய் பார்க்கிறவரும் தொண்டை பார்க்கிறவரும் ஒரே மேசையில நிக்கணும்," என்றார் வழியனுப்பும்போது. "சுரப்பிக்காரரும் இருந்தா நல்லது. சில சமயம் இந்தக் கட்டி ரத்த அழுத்தத்தை ஏத்திவிடும்."

"மூணு பேரும் எப்ப ஒண்ணா நிப்பாங்க?"

"கடைசியா நின்னது சிலை திறப்பு விழாவுல."

அடுத்த திங்களன்று சுரப்பியார் தனியாக வந்தார். கையில் நீண்ட ஊசி. ஊசியை நுழைத்து ஒரு துளி சதை எடுத்துவிட்டால் கட்டி சுரப்பித் துறையின் பெயரில் பதிவாகிவிடும். மற்ற இருவரும் விழித்தெழுவதற்குள் கொடி நாட்டிவிடலாம் என்பது அவருடைய திட்டம். ஊசி முனை பச்சைக் கோட்டைத் தொட்ட நேரத்தில் ஸ்கேன் அம்மையார் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"சார், ஊசிய எடுங்க! அது முழுக்க ரத்தம். குத்தினா பீறிட்டு அடிக்கும். ஆள் இங்கயே போயிடுவார்!"

சுரப்பியார் ஊசியை எடுத்தார். சட்டைப்பையில் வைத்தார். "ரத்தமா? அப்ப அது குழாய்த் துறையோட தலைவலி," என்று சொல்லிவிட்டுத் தேநீர் அருந்தப் போனார்.

கழகம் கடுமையான விசாரணை நடத்தியது. மருத்துவமனை வளாகத்தில் உரத்த குரலில் பேசிய குற்றத்துக்காக ஸ்கேன் அம்மையார் முழங்கைப் பிரிவுக்கு மாற்றப்பட்டார். ஊசியைப் பற்றி விசாரிக்கப்படவில்லை. ஊசி உரத்துப் பேசவில்லை.

அந்த வாரம்தான் அது நடந்தது. தக்காளிக் கூடைகளை ஏலம் விட்டுக்கொண்டிருந்த ஏலக்காரர், 'மூணு தரம்' என்று முடிக்கப்போனார். 'மூணு' வந்தது. 'தரம்' வரவில்லை. காற்று மட்டும் வந்தது. கீழே நின்றவர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு ஒருவர்பின் ஒருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள். அவர் கனைத்துக்கொண்டு மறுபடி சொன்னார்; கரகரத்துக்கொண்டு வந்தது. வெங்காயக் கடையிலிருந்து மனைவி பார்த்துக்கொண்டிருந்தார். எப்போதும் ஏதாவது ஒரு குத்தலோடு வருகிறவர், அன்று வெந்நீரோடு மட்டும் வந்தார்.

இருவரும் கழகத்தின் இயக்குநரைக் காணப் போனார்கள். இயக்குநரின் அறை மாடியில் இருந்தது. இரட்டைக் கதவு. மேசையின் அகலம் எவ்வளவு என்றால், எதிரே இருப்பவரின் நோய் அவர் வரை எட்ட வாய்ப்பே இல்லை.

"சார், இது வளருதுங்க. குரல் போயிட்டு இருக்கு. எடுத்துவிடச் சொல்லுங்க."

இயக்குநர் எழுந்து நின்றார். நின்றபடி பேசுவதுதான் அவருக்குப் பழக்கம். உட்கார்ந்து பேசினால் யாராவது இடையில் கேள்வி கேட்டுவிடுகிறார்கள்.

"அன்பரே, உங்கள் கழுத்தில் இருப்பது இன்னதென்று உங்களுக்கே தெரியவில்லை. கழகத்தின் பெயர்ப்பலகையில் 'அபூர்வம்' என்று எழுதிவைத்துவிட்டு, இத்தனை ஆண்டுகளும் எவருக்கும் வரக்கூடிய கட்டிகளையே நாங்கள் வெட்டிக்கொண்டிருந்தோம். அந்த அவமானத்தை எண்ணிப்பாருங்கள். உண்மையான அபூர்வம் இப்போதுதான் எங்கள் வாசலுக்கு வந்திருக்கிறது. அதை வெட்டச் சொல்கிறீர்கள். வெட்டினால் என்ன ஆகும்? நீங்கள் குணமாகிவிடுவீர்கள். அப்புறம் எங்களிடம் என்ன இருக்கும்?"

ஏலக்காரர் மனைவியைப் பார்த்தார்.

"எல்லாம் திட்டமிட்டாயிற்று," என்று தொடர்ந்தார் இயக்குநர். "வரும் மாநாட்டில் கட்டியின் அறிமுகம். அதற்கடுத்த மாநாட்டில் கட்டியின் வளர்ச்சி. மூன்றாவது மாநாட்டில் சிகிச்சை குறித்த விவாதம். இடையில் அவசரப்படாதீர்கள். நன்றாக வளரட்டும். மேடையில் நிறுத்தினால் பின்வரிசைக்கும் தெரிய வேண்டாமா?"

"என் குரல் போயிடுமேங்க."

"மாநாட்டில் நீங்கள் பேச வேண்டிய தேவையே இல்லை. உங்கள் சார்பில் நாங்கள் பேசுவோம்."

படியிறங்கும்போது மனைவி சொன்னார்: "இந்தாளுக்கு இருக்கிற கழுத்து அந்தச் சிலைக்கு இருக்கிற கழுத்துதாங்க. தலைய வச்சிருக்காங்க, அது எதோடயும் சேரலை."

ஏலக்காரர் தலையை மட்டும் ஆட்டினார். குரலைச் சேமித்துக்கொண்டிருந்தார்.

மாநாட்டு நாள் வந்தது. அரங்கு நிறைய வெளியூர் மருத்துவர்கள். மேடை நடுவே சுழல் நாற்காலி. அதில் ஏலக்காரர், கழுத்தில் புதிதாகத் தீட்டிய மூவண்ணக் கோடுகளுடன். அவர் மடியில் நினைவுப் பரிசாக ஒரு பித்தளைக் கழுத்து வைக்கப்பட்டது. நல்ல கனம். முதல் வரிசையில் மனைவி, கடையை அன்று ஒருநாள் பூட்டிவிட்டு வந்திருந்தார்.

குழாயார் முழங்கினார்: "கட்டி துடிக்கிறது. துடிப்பவை யாவும் எங்களுடையவை. இந்த நோயாளியின் இதயத்தையே நாங்கள் இன்னொரு துறைக்கு விட்டுக்கொடுத்திருக்கிறோம் என்றால், அது எங்கள் பெருந்தன்மை!"

தொண்டையார் அதைவிட முழங்கினார்: "குரல் வருவது தொண்டையிலிருந்து. போனாலும் தொண்டையிலிருந்தே போகிறது. ஆகவே அந்த இழப்பு எங்கள் துறைக்கே உரியது. அதை வேறு எவரும் தட்டிப் பறிக்க அனுமதியோம்!"

சுரப்பியார் கட்டியைத் தாம் முதலில் நேசித்ததாகச் சொன்னார். அரங்கு கைதட்டியது.

இறுதியில் இயக்குநர், மரபை மீற முடியாமல், நோயாளி நன்றியாக இரண்டு வார்த்தை மட்டும் சொல்வார் என்று அறிவித்தார். விருந்துக்கு நேரமாகிவிட்டது என்றும் சேர்த்துச் சொன்னார். ஒலிவாங்கியை ஏலக்காரர் பக்கம் நீட்டினார்கள். அவர் அதை ஒதுக்கிவிட்டு, பித்தளைக் கழுத்தைக் கையில் எடுத்துக்கொண்டு சுழல் நாற்காலியின் மேல் ஏறி நின்றார். மூட்டைகளின் மேல் நின்று பழகிய கால்கள், நாற்காலி சுழலவில்லை.

"நன்றி சொல்றதுக்கு முன்னால ஒரு சரக்கை வித்துடறேன்," என்றார். குரல் கரகரத்தது, ஆனாலும் வந்தது. "கட்டி ஒண்ணு! ஒரே ஒண்ணு! பக்கவாட்டுல நகரும், மேல கீழ நகராது, கை வச்சா துடிக்கும். இந்த அரங்குல வேற யார் கழுத்துலயும் கிடையாது. காசு வேண்டாங்க. தேதி சொல்லுங்க. எடுத்துப்போடற தேதி எவருது கிட்டத்துல இருக்கோ, கட்டி அவருக்கு! பேரும் அவரே வச்சுக்கலாம்! அடுத்த வருஷம்னு ஆரம்பிக்கிறேன். அடுத்த வருஷம், ஒரு தரம்!"

அரங்கு திகைத்தது. இயக்குநர் எழுந்தார். ஆனால் அதற்குள், பெயரும் அவரே வைத்துக்கொள்ளலாம் என்ற சொல் போய்ச் சேர வேண்டிய காதுகளில் போய்ச் சேர்ந்துவிட்டது.

"ஆறு மாசம்!" என்றார் சுரப்பியார், தன்னையறியாமல்.

"ஆறு மாசம் பச்சைக்காரர்! ஆறு மாசத்தை விடக் கிட்ட வர யாரும் இல்லையா? வெளியூர்லேர்ந்து வந்திருக்கிற பெரியவங்க பாத்துட்டு இருக்காங்க. சிவப்புக்காரர் சும்மா இருக்கார். துடிக்கிறதெல்லாம் உங்களுதுன்னீங்களே சார்?"

"மூணு மாசம்!" என்றார் குழாயார்.

"அடுத்த மாசம்!" என்று தொண்டையார் மேசையைத் தட்டினார்.

"அடுத்த மாசம், நீலக்காரர்! கட்டிதான் இவர் பக்கம் வரலை, இவர் கட்டி பக்கம் வராரு! அடுத்த மாசம், ஒரு தரம்! அடுத்த மாசம், ரெண்டு…"

குரல் உடைந்தது. காற்று வந்தது. ஏலக்காரர் கையை உயர்த்தியபடி நின்றார். வாய் அசைந்தது, சத்தம் இல்லை. முதல் வரிசையில் மனைவி எழுந்தார். கணவர் வாயைப் பார்த்துக் கணவர் குரலை எடுத்தார். பக்கத்துக் கடையிலிருந்து வாழ்நாளெல்லாம் கேட்ட குரல் அல்லவா?

"ரெண்டு தரம்! என்னங்க இது, இவ்ளோ பெரிய ஆஸ்பத்திரியில அடுத்த வாரம்னு சொல்ல ஒரு ஆம்பள இல்லையா?"

"அடுத்த வாரம்!"

"நாளான்னைக்கு!"

"நாளைக் காலை!" என்று மூவரும் ஒரே மூச்சில் கத்தினார்கள்.

ஏலக்காரர் குனிந்து, கையிலிருந்த பித்தளைக் கழுத்தால் மேடை மேசையில் ஓங்கி ஓர் அடி அடித்தார். இயக்குநரின் தண்ணீர்க் குவளை உருண்டது.

"மூணு தரம்!" என்றார் மனைவி. "மூணு பேருக்கும் சேர்த்துத் தள்ளியாச்சு. கேட்டவங்க எல்லாரும் சாட்சி."

வெளியூர் மருத்துவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். இப்படியொரு துரிதமான கழகத்தைத் தாம் கண்டதில்லை என்று இயக்குநரின் கையைக் குலுக்கினார்கள். அவர் புன்னகைக்க வேண்டியதாயிற்று.

மறுநாள் காலை மூன்று துறைகளும் ஒரே மேசையைச் சுற்றி நின்றன. கழுத்துக்குள் கோடு எதுவும் போடப்பட்டிருக்கவில்லை என்பதால், வழி காட்ட ஸ்கேன் அம்மையார் முழங்கையிலிருந்து திருப்பி அழைக்கப்பட்டார். குழாயிலிருந்து கட்டியைக் குழாயார் உரித்தார். நரம்பைத் தொண்டையார் விலக்கிப் பிடித்தார். எகிறிய ரத்த அழுத்தத்தைச் சுரப்பியார் அடக்கினார். மூவருக்கும் தொழில் தெரிந்திருந்தது என்பதுதான் இந்தக் கதையில் மன்னிக்க முடியாத பகுதி.

கட்டி இப்போது கழகத்தின் அருங்காட்சியகத்தில் ஒரு கண்ணாடிக் குடுவைக்குள் இருக்கிறது. குடுவையின் மேல் நீலம், சிவப்பு, பச்சைக் கோடுகள். கீழே பலகையில் இயக்குநர் பெயரும், மூன்று தலைவர்கள் பெயரும், மாநாட்டு விருந்துக்குப் பொறுப்பேற்றவர் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. கட்டிக்குப் பெயர் இன்னும் சூட்டப்படவில்லை.

ஏலக்காரரைப் பேசக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். தையல் பிரித்த நாளில்தான் தடை நீங்கியது. ஆயினும் அவர் வாயைத் திறக்கவில்லை. நரம்பு தப்பியதா என்பதை அறியும் துணிவு அவருக்கு வரவில்லை. மனைவிக்கும் கேட்கத் துணிவு வரவில்லை. இருவரும் கீழ்த்தளத்து நடைக்கூடத்தில் நடந்தார்கள்.

நடைக்கூடத்தின் இருபுறமும் நீண்ட பலகைகள். பலகை நிறைய மனிதர்கள். கழுத்தில் கோடு, காதோரம் கோடு, ஒருவருக்கு மூக்கின் நடுவே கோடு. கடைசிப் பலகையிலிருந்து ஒரு பெண் எழுந்தார். மூன்று நிறங்களும் மங்கிப்போய் மறுபடி மறுபடி தீட்டப்பட்ட கழுத்து.

"அண்ணே, நீங்கதானே அந்த ஏலம் போட்டவரு? நான் போன வருஷத்துலேர்ந்து உக்காந்திருக்கேன். எனக்கும் ஒண்ணு போட்டுக் குடுங்கண்ணே."

"அய்யோ, இல்லம்மா," என்றார் மனைவி. "அவர் இன்னும் வாயே திறக்கலை. திறந்தா என்ன வருமோ…"

ஏலக்காரர் பலகையின் மேல் ஏறி நின்றார். வாயைத் திறந்தார். காற்று வந்தது. நடைக்கூடம் முழுவதும் அவரைப் பார்த்தது. மனைவி தரையைப் பார்த்தார். ஏலக்காரர் கழுத்தின் தழும்பின் மேல் கையை வைத்துக்கொண்டு இன்னொரு முறை மூச்சை இழுத்தார்.

"ஒரு தரம்!"

பழைய குரலில் பாதிதான். அந்தப் பாதியே போதுமானதாக இருந்தது. பலகைகளில் சாய்ந்திருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். நீலக் கதவு திறந்தது. சிவப்புக் கதவு திறந்தது. பச்சைக் கதவு சற்றே திறந்து, ஒரு கண் மட்டும் எட்டிப் பார்த்தது.

மனைவி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"இன்னும் கொஞ்சம் சத்தமாங்க," என்றார். "மாடியில ஒரு கதவு மூடியே இருக்கு."